அலுவலக மையச் சுவிட்சில் சிபியூ 90 சதவீதம்: எங்கே தேடுவது?

முத்துவிளக்கு:

வணக்கம். எங்கள் அலுவலகத்தில் இருநூறு பேர் அளவில் வேலை பார்க்கிறார்கள். நடுவில் ஒரு சிஸ்கோ கேட்டலிஸ்ட் 3750-எக்ஸ், அதிலிருந்து மாடிக்கு ஒரு 2960-எக்ஸ். விலான்களுக்கு (ஒரே வலையமைப்பைப் பிரித்த தனித்தனிப் பகுதிகளுக்கு) இடையிலான ரூட்டிங் முழுவதும் நடுச் சுவிட்சில்தான் நடக்கிறது.

கொஞ்ச நாட்களாகப் பகல் நேரத்தில் மேசைத் தொலைபேசிகளில் பேச்சு விட்டுவிட்டுக் கேட்கிறது. சிலருக்குக் கோப்பு சர்வர் திறக்க நேரமாகிறது. நடுச் சுவிட்சுக்குள் எஸ்எஸ்எச் வழியாக நுழைந்தால், தட்டிய எழுத்து சற்றுப் பொறுத்துத்தான் திரையில் வருகிறது. சிபியூவைப் பார்த்தால் 90 சதவீதத்தைச் சுற்றி நிற்கிறது.

எனக்குக் குழப்பமாக இருப்பது இதுதான். கணினியிலிருந்து சர்வருக்குப் பிங் போட்டால் பெரும்பாலும் 1 மில்லிநொடிக்குள் பதில் வந்துவிடுகிறது. சுவிட்சின் சொந்த முகவரிக்குப் போட்டால் 200, 300 மில்லிநொடி ஆகிறது, சில பாக்கெட்டுகள் தொலைந்தும் போகின்றன. சுவிட்ச் பழசாகிவிட்டதா, புதிது வாங்க வேண்டுமா என்று மேலதிகாரி கேட்கிறார். என்ன பதில் சொல்வது?

கடலோடி:

இரவில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து ஒருமுறை ரீலோட் செய்யுங்கள். கையோடு சுவிட்சின் ஐஓஎஸ் மென்பொருள் பதிப்பையும் புதுப்பித்துவிடலாம். பழைய பதிப்புகளில் நினைவகம் கசிந்து சிபியூ ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். எப்படியும் செய்ய வேண்டிய வேலைதானே.

நெடுவழி:

முத்துவிளக்கு, ரீலோட் செய்ய வேண்டாம். கடலோடி சொல்லும் பதிப்புப் புதுப்பித்தல் நல்ல வேலைதான், ஆனால் அதற்கு இது நேரமில்லை. இப்போது நோய் கண்ணெதிரே நடந்துகொண்டிருக்கிறது. ரீலோட் செய்தால் லாக் பஃபரில் இருப்பதும் எண்ணிகளில் ஏறியிருப்பதும் அழிந்துவிடும். காரணம் வெளியே இருந்தால், சுவிட்ச் எழுந்த சில நிமிடங்களில் பழைய நிலை திரும்பிவிடும். அப்போது தடயமும் இருக்காது.

உங்கள் பிங் குழப்பத்துக்கு முதலில் பதில் சொல்கிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் புரியும். சுவிட்சில் சாதாரணப் போக்குவரத்து சிபியூ வழியாகப் போவதே இல்லை. ஒரு போர்ட்டில் நுழையும் பாக்கெட்டை அதற்கென்றே செய்த சிப்பு, அதாவது ஏசிக், மேக் அட்டவணையையோ (எந்தக் கருவியின் வன்பொருள் முகவரி எந்த போர்ட்டில் என்ற குறிப்பு) ரூட்டிங் அட்டவணையையோ பார்த்து அடுத்த போர்ட்டுக்கு அனுப்பிவிடும். சிபியூவுக்கு அதைப் பற்றித் தெரியவே தெரியாது. கணினியிலிருந்து சர்வருக்குப் போன பிங் வேகமாக வந்தது இதனால்தான். சுவிட்சின் சொந்த முகவரிக்கு வரும் பிங்குக்குச் சிபியூவே பதில் சொல்ல வேண்டும், அதுவும் மற்ற அவசர வேலைகள் முடிந்த பிறகு. எனவே 300 மில்லிநொடி என்பது உங்கள் சிபியூ திணறுகிறது என்று மட்டும் காட்டுகிறது. பயனர்களின் போக்குவரத்து 300 மில்லிநொடி தாமதமாகிறது என்று அதற்குப் பொருள் இல்லை.

அப்படியானால் சிபியூவிடம் எவை போகின்றன? ஏஆர்பி (ஒரு ஐபி முகவரிக்கு உரிய மேக் முகவரியைக் கேட்பது), சுற்றுவழியை அடைக்கும் ஸ்பானிங் ட்ரீ நெறிமுறையின் செய்தியான பிபிடியூ, அண்டைச் சிஸ்கோ கருவிகளை அறியும் சிடிபி, கண்காணிப்பு மென்பொருளின் எஸ்என்எம்பி கேள்விகள், நீங்கள் திறக்கும் எஸ்எஸ்எச், ஐஜிஎம்பி ஸ்னூப்பிங், டிஎச்சிபி ஸ்னூப்பிங். டிடிஎல் (தாண்டக்கூடிய ரூட்டர்களின் எண்ணிக்கை) தீர்ந்துபோன பாக்கெட்டுகள், ஐபி ஆப்ஷன் வைத்த பாக்கெட்டுகள், லாக் என்று எழுதிய ஏசிஎல் (அனுமதிப் பட்டியல்) விதியில் மாட்டியவை. அப்புறம், சுவிட்சுக்கு ஐபி முகவரி உள்ள ஒவ்வொரு விலானிலும் வரும் பிராட்காஸ்ட், அதாவது எல்லோருக்கும் போகும் பாக்கெட். இவற்றில் ஏதோ ஒன்று உங்களிடம் அளவுக்கு மீறி வருகிறது. எது, எந்த போர்ட்டிலிருந்து என்று கண்டுபிடித்துவிட்டால் புதுச் சுவிட்ச் வாங்கும் கேள்வியே எழாது.

ஷோ பிராசசஸ் சிபியூ சார்ட்டட் போட்டு மேலே வரும் வரிகளைத் தாருங்கள். ஷோ பிராசசஸ் சிபியூ ஹிஸ்டரி படத்தையும் பாருங்கள். இப்போதைக்கு எந்த டீபக் கட்டளையும் வேண்டாம். கன்சோலில் லாகிங் ஓடிக்கொண்டிருந்தால் நோ லாகிங் கன்சோல் போட்டுவிட்டு பஃபருக்கு மட்டும் அனுப்புங்கள். 9600 பாட் வேகக் கன்சோலில் செய்திகளைத் தள்ளுவதே சிபியூவுக்குப் பெரிய பாரம்.

முத்துவிளக்கு:

நன்றி அண்ணா. காலை பதினோரு மணிக்கு எடுத்தது:

ஐந்து நொடி: 91%/34%, ஒரு நிமிடம்: 88%, ஐந்து நிமிடம்: 86%
ஏஆர்பி இன்புட்: 31%
ஹல்க் எல்இடி பிராசஸ்: 12%
ஐபி இன்புட்: 9%
எஸ்என்எம்பி எஞ்சின்: 4%
மற்றவை எல்லாம் ஒன்றுக்கும் கீழே.

இந்த ஹல்க் எல்இடி என்பது என்ன? போர்ட் விளக்கு எரிய வைப்பதற்கு 12 சதவீதம் போகுமா? வலையில் தேடினால் இதைப் பற்றித்தான் நிறையப் பேர் புலம்பியிருக்கிறார்கள்.

நெடுவழி:

ஹல்க் எல்இடியை விட்டுவிடுங்கள். 2960, 3560, 3750 குடும்பத்தில் போர்ட்டின் இணைப்பு நிலை, விளக்குகள், எஸ்எஃப்பி செருகியிருக்கிறதா என்பதையெல்லாம் ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை அது. 48 போர்ட் உள்ள சுவிட்சில் பத்து சதவீதத்தைத் தாண்டி நிற்பது இயல்பு. பிரச்சினை எல்லாம் தீர்ந்த பிறகும் இந்த எண் இப்படியேதான் இருக்கும்.

முதல் வரியைப் பாருங்கள், 91%/34%. சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது மொத்தச் சுமை. பின்னால் இருப்பது அந்த மொத்தத்துக்குள் இன்டரப்ட்டுக்குப் போன பங்கு. 91இலிருந்து 34ஐக் கழித்தால் 57. அதுதான் கீழே பட்டியலில் உள்ள வேலைகள் தின்றது. உங்கள் நான்கு வரிகளைக் கூட்டினால் 56 வருகிறது, கணக்கு சரியாக இருக்கிறது.

இந்த 34தான் என் கண்ணை உறுத்துகிறது. சிபியூவை நோக்கி ஒரு பாக்கெட் வரும்போதெல்லாம் நடப்பதை விட்டுவிட்டு அதை எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது, அந்தச் செலவுதான் இன்டரப்ட் எண்ணில் தெரியும். சாதாரண அலுவலகச் சுவிட்சில் அது ஒற்றை இலக்கத்தில் கிடக்க வேண்டும். அது உயர்ந்திருந்தால் வெளியிலிருந்து பாக்கெட்டுகள் கொட்டுகின்றன. இன்டரப்ட் தாழ்ந்தும் மொத்தம் உயர்ந்தும் இருந்தால், சுவிட்சுக்குள் ஏதோ ஒரு வேலை தானாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று அந்தப் பக்கம் தேடலாம். உங்களுடையது முதல் வகை. ஏஆர்பி இன்புட் மேலே நிற்பதால், கொட்டுபவற்றில் பெரும்பகுதி ஏஆர்பி.

அடுத்து ஷோ கண்ட்ரோலர்ஸ் சிபியூ-இன்டர்ஃபேஸ் போடுங்கள். 3750இல் சிபியூவுக்கு முன்னால் 16 வரிசைகள் உண்டு. எஸ்டிபி, ஹோஸ்ட், பிராட்காஸ்ட், ஐஜிஎம்பி ஸ்னூப்பிங், ஐசிஎம்பி என்று பெயர் போட்டிருக்கும். சில நொடி விட்டு மறுபடி போட்டு, எந்த வரிசையின் எண் துள்ளுகிறது என்று பாருங்கள்.

தூரிகை:

எஸ்என்எம்பி எஞ்சினும் பட்டியலில் இருக்கிறதே, அதை ஏன் யாரும் பேசவில்லை? கண்காணிப்பு மென்பொருள் ஒன்று ஏஆர்பி அட்டவணை, மேக் அட்டவணை, ரூட்டிங் அட்டவணை மூன்றையும் அடியோடு வாரிக்கொண்டு போய் ஒரு சுவிட்சையே மூச்சுத் திணற வைத்ததைப் பார்த்திருக்கிறேன். சாதனங்களைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதியை நிறுத்தியதும் அடங்கியது. எஸ்என்எம்பி வியூ ஒன்றை எழுதி அந்தப் பெரிய அட்டவணைகளை விலக்கிவைத்தாலும் போதும். முத்துவிளக்கு, உங்களிடம் அப்படி ஏதாவது ஓடுகிறதா?

முத்துவிளக்கு:

ஓடுகிறது, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கிறது. ஆனால் 72 மணி நேரப் படத்தைப் பார்த்தால் இரவு முழுக்க 15 சதவீதத்தைச் சுற்றித்தான் இருக்கிறது. காலை ஒன்பதரை வாக்கில் செங்குத்தாக ஏறி, மாலை வரை அங்கேயே நிற்கிறது. மதிய உணவு நேரத்திலும் இறங்கவில்லை. 60 நிமிடப் படத்தில் நட்சத்திரக் குறிகள் 90க்கு மேலே, நடுநடுவே ஓரிரு நிமிடம் 20க்கு விழுந்து மறுபடி ஏறுகிறது.

நெடுவழி:

நல்ல தகவல். தூரிகை சொன்ன நோய் உண்மையானது, ஆனால் இங்கே அது இல்லை. கண்காணிப்பு மென்பொருள் இரவிலும் தூங்காது. அது காரணமாக இருந்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முள்ளாக இரவிலும் தெரியும். மேலும் எஸ்என்எம்பி எஞ்சின் தாழ்ந்த முன்னுரிமையில் ஓடும் வேலை. சிபியூ சும்மா இருக்கும்போது அதை நிரப்பிக்கொள்ளும், மற்ற வேலை வந்தால் ஒதுங்கும். உங்கள் 4 சதவீதத்தை நான் பொருட்படுத்த மாட்டேன்.

மதியத்திலும் இறங்கவில்லை என்றீர்களே, அதைக் கவனியுங்கள். மனிதர்கள் வேலை செய்வதால் வரும் போக்குவரத்து என்றால் சாப்பாட்டு நேரத்தில் தணியும். காலையில் யாரோ ஒன்றைப் போட்டுவிட்டு, மாலையில் அணைத்துவிட்டுப் போகிறார்கள்.

செங்காந்தள்:

ஏஆர்பி இன்புட் ஏறினால் உடனே லூப் (பாக்கெட்டுகள் முடிவின்றிச் சுற்றும் சுற்றுவழி) என்று முடிவு கட்டிவிட வேண்டாம். வேறு இரண்டு காரணங்களை எளிதாகச் சோதித்துவிடலாம்.

ஒன்று, டீஃபால்ட் ரூட் (வேறு வழி தெரியாத பாக்கெட்டுகள் போகும் பாதை) எப்படி எழுதியிருக்கிறது என்பது. அடுத்த ரூட்டரின் ஐபி முகவரியைக் கொடுக்காமல் வெறும் இன்டர்ஃபேஸ் பெயரைக் கொடுத்திருந்தால், இணையத்தில் உள்ள ஒவ்வொரு முகவரியும் பக்கத்திலேயே இருப்பதாகச் சுவிட்ச் எண்ணிக்கொள்ளும். போகும் ஒவ்வொரு புது முகவரிக்கும் ஒரு ஏஆர்பி கேள்வி அனுப்பும். மறுபக்க ரூட்டரில் ப்ராக்ஸி ஏஆர்பி (மற்றவர் முகவரிக்குத் தானே பதில் சொல்வது) இருந்தால் எல்லாம் வேலை செய்வதுபோலவே தெரியும், யாருக்கும் சந்தேகம் வராது. ஏஆர்பி அட்டவணை மட்டும் வீங்கிக்கொண்டே போகும். சிஸ்கோவில் ஒரு ஏஆர்பி பதிவு சாதாரணமாக 4 மணி நேரம் நிலைத்திருக்கும் என்பதால் அது சீக்கிரம் சுருங்கவும் செய்யாது.

இரண்டாவது, தீம்பொருள் புகுந்த கணினி ஒன்று சப்நெட்டில் உள்ள எல்லா முகவரிகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பது. அதன் கேள்விகள் வேறு விலானுக்குப் போகும்போது, ஆளில்லாத முகவரிகளுக்கெல்லாம் நடுச் சுவிட்ச் ஏஆர்பி அனுப்பிக் காத்திருக்க வேண்டும். ஷோ ஐபி ஏஆர்பி போட்டு இன்கம்ப்ளீட் என்று எத்தனை வரி வருகிறது என்று பாருங்கள். சில வரிகள் எப்போதும் இருக்கும், அதில் தவறில்லை. நூற்றுக்கணக்கில் வந்தால் யாரோ துழாவுகிறார்கள்.

இரண்டும் இல்லையென்றால் நெடுவழி போகும் பாதைதான் சரி.

முத்துவிளக்கு:

எல்லாம் பார்த்துவிட்டேன். டீஃபால்ட் ரூட்டில் ஃபயர்வாலின் ஐபி முகவரிதான் இருக்கிறது. இன்கம்ப்ளீட் வரிகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். சிபியூ வரிசைகளில் பிராட்காஸ்ட் என்ற ஒன்றின் எண் மட்டும் ஒவ்வொரு முறையும் பெரிதாகத் துள்ளுகிறது.

லாகில் இந்த மாதிரி வரிகள் குவிந்திருக்கின்றன: எஸ்டபிள்யூ மேட்ம் 4, மேக் ஃப்ளாப் நோட்டிஃப், விலான் 10இல் இன்ன மேக் முகவரி போர்ட் 1/0/1க்கும் போர்ட் 1/0/3க்கும் இடையே மாறிக்கொண்டிருக்கிறது. இன்னொன்று 1/0/2க்கும் 1/0/3க்கும் இடையே. வேறொன்று 1/0/4க்கும் 1/0/3க்கும் இடையே. 1 முதல் 4 வரை மாடிச் சுவிட்சுகளுக்குப் போகும் அப்லிங்குகள்.

நெடுவழி:

இந்த மூன்று வரிகளே வழியைக் காட்டிவிட்டன. எல்லாவற்றிலும் பொதுவாக வருவது 1/0/3. லூப் மூன்றாம் மாடியில்.

காரணத்தைச் சொல்கிறேன், அடுத்த முறை நீங்களே பிடித்துவிடலாம். முதல் மாடிக் கணினி ஒன்று ஏஆர்பி கேள்வியை பிராட்காஸ்டாக அனுப்புகிறது. நடுச் சுவிட்ச் அது 1/0/1 வழியாக வந்ததைப் பார்த்து, இந்த மேக் அந்தப் பக்கம் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, மற்ற எல்லா போர்ட்டுகளுக்கும் அனுப்புகிறது. மூன்றாம் மாடிக்குப் போனது அங்கே சுற்றிக்கொண்டு திரும்பி 1/0/3 வழியாக மேலே வருகிறது. அனுப்பியவர் பெயர் மாறவில்லை, அதே மேக்தான். உடனே நடுச் சுவிட்ச் அட்டவணையைத் திருத்தி, ஓ, இவர் மூன்றாம் மாடிக்கு வந்துவிட்டார் என்று எழுதிக்கொள்கிறது. அந்த நேரத்தில் சர்வர் அவருக்கு அனுப்பும் பதில் தவறான மாடிக்குப் போய் வீணாகிறது. கோப்பு திறக்க நேரமாவதன் காரணம் இது. சிபியூவுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை, இரண்டும் ஒரே வேரிலிருந்து வருகின்றன.

ஈத்தர்நெட் ஃப்ரேமில் டிடிஎல் கிடையாது. ஐபி பாக்கெட் சுற்றினால் ஒரு கட்டத்தில் டிடிஎல் தீர்ந்து செத்துவிடும். லேயர் 2 பிராட்காஸ்ட் யாராவது கம்பியைப் பிடுங்கும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும், புதிதாக வருவதும் அதோடு சேர்ந்துகொள்ளும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நகல் உங்கள் நடுச் சுவிட்சின் சிபியூவுக்கு வருகிறது.

மூன்றாம் மாடிச் சுவிட்சுக்குள் போங்கள். அங்கே ஷோ ஸ்பானிங்-ட்ரீ டீடெய்ல் போட்டு, டோபாலஜி சேஞ்ச் (இணைப்பு அமைப்பு மாற்றம்) எத்தனை, கடைசியாக எப்போது, எந்த போர்ட்டிலிருந்து என்ற வரிகளைத் தேடுங்கள். 60 நிமிடப் படத்தில் நீங்கள் பார்த்த பள்ளங்களின் நேரத்தோடு அது பொருந்தும் என்று நினைக்கிறேன். கூடவே அந்தச் சுவிட்சின் லாகையும் பாருங்கள், எந்த இரண்டு அக்சஸ் போர்ட்டுகளின் (பயனர் கருவிகள் மாட்டும் போர்ட்டுகளின்) பெயர் திரும்பத் திரும்ப வருகிறது என்று. ஷோ இன்டர்ஃபேஸஸ் காட்டும் வேகம் ஐந்து நிமிடச் சராசரி என்பதால் உண்மையை மழுப்பும். சந்தேகமான போர்ட்டுகளில் லோட்-இன்டர்வல் 30 போட்டுவிட்டுப் பாருங்கள். உள்ளே வரும் வேகமும் வெளியே போகும் வேகமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்து, உள்ளே வருவது முழுக்க பிராட்காஸ்டாக இருந்தால் அதுதான்.

கண்டுபிடித்ததும் கம்பியைப் பிடுங்குவதற்கு முன் இரண்டு போர்ட்டில் ஒன்றை மட்டும் ஷட்டவுன் செய்யுங்கள். நடுச் சுவிட்சின் சிபியூ விழுகிறதா என்று பார்த்துவிட்டு மேசைக்குப் போங்கள். தவறான கம்பியைப் பிடுங்கி அலைய வேண்டியிருக்காது.

முத்துவிளக்கு:

கிடைத்துவிட்டது! போர்ட் 31, போர்ட் 32. இரண்டிலும் உள்ளே 40 மெகாபிட் அளவில், அத்தனையும் பிராட்காஸ்ட். 32ஐ ஷட்டவுன் செய்த அடுத்த நிமிடம் நடுச் சுவிட்ச் 14%/1% என்று காட்டுகிறது. ஏஆர்பி இன்புட் பட்டியலின் கீழே போய்விட்டது. நீங்கள் சொன்னபடியே ஹல்க் எல்இடி மட்டும் அசையாமல் நிற்கிறது.

மேசைக்குப் போய்ப் பார்த்தோம். அங்கே ஒரு ஐபி தொலைபேசி. அதன் பின்னால் இரண்டு போர்ட், ஒன்று சுவருக்கு, இன்னொன்று கணினிக்கு. அந்த மேசைக் கணினியை எடுத்துவிட்டு மடிக்கணினி கொடுத்திருக்கிறார்கள், அது வைஃபையில் ஓடுகிறது. கணினிக்குப் போன கம்பி தொங்கிக்கொண்டிருந்ததால், யாரோ அதை ஒழுங்காக இருக்கட்டும் என்று சுவரில் பக்கத்தில் இருந்த காலித் துளையில் செருகியிருக்கிறார்கள். தொலைபேசிக்கு மின்சாரம் சுவிட்சிலிருந்து வரவில்லை, அடாப்டரில் ஓடுகிறது. அங்கே உட்காருபவர் காலையில் வந்ததும் மேசையின் மின்பலகையைப் போடுகிறார், மாலையில் அணைக்கிறார்.

கடலோடி:

அருமையாகப் பிடித்திருக்கிறீர்கள். ஆனால் ஒரு கேள்வி. ஸ்பானிங் ட்ரீ ஓடிக்கொண்டுதானே இருந்தது? ஒரே சுவிட்சின் இரண்டு போர்ட்டுகளை இணைத்தால் அதில் ஒன்றை அடைப்பதுதானே அதன் வேலை? அது ஏன் பிடிக்கவில்லை? லூப் என்றால் வலையமைப்பு முழுவதும் சில நொடிகளில் படுத்துவிட்டிருக்க வேண்டாமா?

நெடுவழி:

இரண்டும் நல்ல கேள்விகள்.

ஸ்பானிங் ட்ரீ கம்பியைப் பார்ப்பதில்லை. தான் அனுப்பிய பிபிடியூ இன்னொரு போர்ட்டில் வந்து சேர்ந்தால்தான் அங்கே சுற்றுவழி இருக்கிறது என்று அதற்குத் தெரியும். ரேடியா பெர்ல்மன் 1985இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் வகுத்ததிலிருந்து அடிப்படை இதுதான். பிபிடியூ போகும் முகவரி சாதாரண மல்டிகாஸ்ட் இல்லை. அது ஒதுக்கிவைக்கப்பட்ட முகவரி, தரத்தின்படி ஒரு பிரிட்ஜ் அதை மறுபக்கம் கடத்தக் கூடாது, தானே வாங்கிக்கொள்ள வேண்டும். தொலைபேசிக்குள் இருக்கும் குட்டிச் சுவிட்சுக்கு ஸ்பானிங் ட்ரீ தெரியாது. சில தொலைபேசிகள் பிபிடியூவை அப்படியே கடத்திவிடும், அப்போது பெரிய சுவிட்ச் லூப்பைக் கண்டுபிடித்துவிடும். சில விழுங்கிவிடும். விழுங்கினால் பெரிய சுவிட்சின் பார்வையில் 31இலும் 32இலும் தனித்தனியாக இரண்டு கருவிகள் மாட்டியிருக்கின்றன, அவ்வளவுதான். பிராட்காஸ்ட் மட்டும் தாராளமாகக் கடந்து போகும். மேசைக்கு அடியில் வைக்கும் மலிவான சிறு சுவிட்சுகளிலும் இந்த இரண்டு வகையும் உண்டு. இதே காரணத்தால் பிபிடியூ கார்டு போட்டிருந்தாலும் இந்த லூப் அதில் மாட்டியிருக்காது, வராத பிபிடியூவைக் கண்டு அது எப்படி போர்ட்டை அடைக்கும்?

முழுவதும் ஏன் படுக்கவில்லை என்றால், அந்தத் தொலைபேசியின் போர்ட்டுகள் 100 மெகாபிட்டாக இருக்க வேண்டும். சுற்றுவழியில் மிகக் குறுகிய இடம் எதுவோ அதுவே பிராட்காஸ்ட் சூறாவளியின் உச்ச வேகம். 64 பைட் ஃப்ரேம்கள் 100 மெகாபிட்டில் நொடிக்கு 1,48,809 வரை போகலாம். கிகாபிட் என்றால் 14,88,095. இரண்டு போர்ட்டும் கிகாபிட்டாக இருந்திருந்தால் நீங்கள் நினைத்ததுபோல அன்றே எல்லாம் நின்றிருக்கும், அன்றே கண்டும் பிடித்திருப்பார்கள். 40 மெகாபிட் என்பது பாதித் திணறல். மற்ற கணினிகளுக்குக் கிகாபிட் இணைப்பு, அவை சமாளித்துக்கொண்டன. மற்ற தொலைபேசிகளோ 100 மெகாபிட், இரண்டு திசையிலும் சுற்றியது சேர்ந்து அவற்றின் கொள்ளளவில் பெரும்பகுதியைத் தின்றது. பேச்சு அறுந்தது அங்கேதான்.

படத்தில் இருந்த பள்ளங்கள் தொலைபேசி தாங்காமல் தானாக மறுதொடக்கம் ஆன நேரங்களாக இருக்கும். முத்துவிளக்கு, அந்த போர்ட்டுகளில் போர்ட்ஃபாஸ்ட் இல்லை என்று ஊகிக்கிறேன். இல்லையென்றால் இணைப்பு வந்த பிறகு கேட்கும் நிலையில் 15 நொடி, கற்கும் நிலையில் 15 நொடி கழித்துத்தான் போர்ட் திறக்கும். திறந்ததும் மறுபடி சூறாவளி. ஒவ்வொரு முறையும் ஒரு டோபாலஜி சேஞ்ச் அறிவிப்பு போகும், அது வந்ததும் எல்லாச் சுவிட்சும் மேக் பதிவுகளின் ஆயுளை 300 நொடியிலிருந்து 15 நொடிக்குக் குறைத்துக்கொள்ளும். மறந்துபோன முகவரிகளுக்கான போக்குவரத்து எல்லா போர்ட்டிலும் கொட்டும். ஒன்று மற்றொன்றை வளர்க்கிறது.

செங்காந்தள்:

இதில் ஒன்றை எல்லோரும் மனதில் வைக்க வேண்டும். சிபியூ ஏறியது லூப்பின் விளைவு, அதில் ஐயமில்லை. ஆனால் அந்த விளைவே அடுத்த நோய்க்குக் காரணமாகவும் ஆகும். நடுச் சுவிட்ச் ஸ்பானிங் ட்ரீயின் ரூட்டாக (வேர்ச் சுவிட்சாக) இருந்தால் 2 நொடிக்கு ஒருமுறை பிபிடியூ அனுப்ப வேண்டியது அதன் சிபியூதான். அது திணறி அனுப்பத் தவறினால், பழைய முறையில் 20 நொடியிலும், ரேபிட் முறையில் மூன்று ஹலோ தவறிய 6 நொடியிலும் கீழே உள்ள சுவிட்ச் ரூட் போய்விட்டது என்று முடிவு செய்து, அடைத்துவைத்திருந்த மாற்று வழியைத் திறந்துவிடும். அப்போது மேசையில் இருந்த சின்ன லூப்போடு அப்லிங்குகளுக்கு இடையிலும் ஒரு லூப் பிறக்கும். முத்துவிளக்கின் மாடிகளுக்கு ஒற்றை அப்லிங்க் என்பதால் தப்பித்தார்.

ரூட் யார் என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். யாரும் முன்னுரிமை எழுதாவிட்டால் எல்லாவற்றுக்கும் 32768தான். சமமாக வந்தால் சிறிய மேக் முகவரி உள்ளது ரூட்டாகும். பெரும்பாலும் அது ஏதோ ஒரு மூலையில் இருக்கும் பழைய சுவிட்சாக அமைந்துவிடும். நடுச் சுவிட்சுக்கு 4096 என்று எழுதிவிடுவது நல்லது.

முத்துவிளக்கு:

போர்ட்ஃபாஸ்ட் இல்லை, நெடுவழி அண்ணா ஊகித்தது சரி. ரூட் மூன்றாம் மாடிச் சுவிட்சாகத்தான் இருந்தது, 4096 எழுதி நடுவுக்கு மாற்றிவிட்டேன். இனி எல்லா அக்சஸ் போர்ட்டுகளிலும் போர்ட்ஃபாஸ்ட், பிபிடியூ கார்டு, ஸ்டார்ம் கண்ட்ரோல் (பிராட்காஸ்டுக்கு எல்லை வைப்பது) மூன்றையும் போடலாம் என்று இருக்கிறேன். ஸ்டார்ம் கண்ட்ரோலில் எத்தனை சதவீதம் கொடுப்பது? 1 சதவீதம் போதுமா? மீறினால் போர்ட்டை ஷட்டவுன் செய்யச் சொல்லலாமா?

நெடுவழி:

மூன்றையும் போடுங்கள். இந்தத் தொலைபேசி மாதிரி பிபிடியூவை விழுங்கும் கருவிகளிடமிருந்து காப்பது மூன்றாவது மட்டும்தான், எனவே அதில் கவனமாக இருங்கள்.

சதவீதத்தில் கொடுக்க வேண்டாம். கிகாபிட் போர்ட்டில் 1 சதவீதம் என்பது 10 மெகாபிட். சிறிய ஃப்ரேம்களாக வந்தால் நொடிக்கு 14,880. இணைப்பின் கொள்ளளவுக்கு அது தூசு, சிபியூவுக்கு அது இடி. உங்கள் சுவிட்சுகளில் எண்ணிக்கையாகவே கொடுக்கலாம்: ஸ்டார்ம்-கண்ட்ரோல் பிராட்காஸ்ட் லெவல் பிபிஎஸ் 200, அதாவது நொடிக்கு 200 பாக்கெட். ஒரு மேசைக் கணினி சாதாரணமாக அனுப்பும் பிராட்காஸ்ட் இதன் பக்கத்தில்கூட வராது. முதலில் ஆக்‌ஷன் ட்ராப் (அறிவிப்பு அனுப்புவது) மட்டும் வைத்து, அறிவிப்புகள் எங்கிருந்து வருகின்றன என்று சில நாள் கவனியுங்கள். அளவை மீறியவை எப்படியும் வடிகட்டப்படும். யாரும் தவறாக மாட்டவில்லை என்று உறுதியானதும் அக்சஸ் போர்ட்டுகளில் ஷட்டவுன் வைக்கலாம், எர்டிஸேபிள் (பிழையால் போர்ட் அடைபட்ட நிலை) ரெக்கவரியையும் இயக்கிவிட்டால் 300 நொடியில் தானாக மீண்டு பார்க்கும்.

அப்லிங்குகளில் ஷட்டவுன் வைக்கவே வைக்காதீர்கள். ஒரு மேசையின் தவறுக்கு ஒரு மாடியே இருண்டுவிடும். மல்டிகாஸ்டுக்கு இதேபோல் எல்லை வைக்கும் முன்னும் யோசியுங்கள். எல்லை தாண்டினால் பிபிடியூ, சிடிபி போன்ற கட்டுப்பாட்டு ஃப்ரேம்களைத் தவிர எல்லா மல்டிகாஸ்டும் நிற்கும், ஓஎஸ்பிஎஃப் ரூட்டிங் அறிவிப்புகளும் அதில் அடங்கும்.

இன்னொன்று, நடுச் சுவிட்சில் பிராசஸ் சிபியூ த்ரெஷோல்டு டைப் டோட்டல் ரைசிங் 80 இன்டர்வல் 5 என்று எழுதிவையுங்கள். சிபியூ ஏறிய கணத்தில் முன்னணியில் இருந்த வேலைகளின் பெயரோடு லாகில் ஒரு வரி விழும். தொலைபேசியில் பேச்சு அறுகிறது என்று புகார் வரும் முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

தூரிகை:

ஸ்டார்ம் கண்ட்ரோலில் ஒரு சின்ன ஓட்டை உண்டு, வாய்ஸ் விலான் (தொலைபேசிகளுக்கான தனி விலான்) வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். இந்தக் குடும்பச் சுவிட்சுகளில், விலான் டேக் (எந்த விலான் என்ற அடையாளம்) உள்ள 67 பைட்டுக்குக் குறைவான ஃப்ரேம்கள் அந்த எண்ணியில் ஏறுவதில்லை. தொலைபேசிகள் டேக் போட்டுத்தான் அனுப்புகின்றன. அவற்றுக்கென்று ஸ்மால்-ஃப்ரேம் வயலேஷன்-ரேட் என்ற தனிக் கட்டளை இருக்கிறது. முதலில் எர்டிஸேபிள் டிடெக்ட் காஸ் ஸ்மால்-ஃப்ரேம் என்று பொதுவில் இயக்க வேண்டும், அதன் பிறகு ஒவ்வொரு போர்ட்டிலும் நொடிக்கு எத்தனை என்று கொடுக்க வேண்டும். மீறினால் இது நேராக போர்ட்டை எர்டிஸேபிளுக்குக் கொண்டுபோய்விடும், வடிகட்டிக்கொண்டிருக்காது. அதனால் தொலைபேசிகள் இயல்பாக எவ்வளவு அனுப்புகின்றன என்று ஒரு வேலைநாளில் அளந்துவிட்டு எண்ணைத் தீர்மானியுங்கள். பேசும்போது போகும் சாதாரணக் குரல் பாக்கெட் இந்த அளவுக்குச் சிறியதில்லை, எனவே அழைப்புகள் இதில் மாட்டாது.

முத்துவிளக்கு:

குறித்துக்கொண்டேன். நான்கு மாடிகளிலும் போட்டுவிட்டேன், இப்போதைக்கு ட்ராப் மட்டும். போட்ட அன்றே இரண்டாம் மாடியில் 17ஆம் போர்ட்டிலிருந்து ஒரு அறிவிப்பு வந்திருக்கிறது. அங்கே ஒரு அச்சுப்பொறி இருக்கிறது, நாளை அதன் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.